லாஸ்ட் சீன் 3.12

அப்பா தூங்குவதில்லை என்று அம்மா எனக்குச் சொல்லவே இல்லை, வாட்ஸ்அப்தான் காட்டிக்கொடுத்தது. எனக்குக் கிருஷ்ணகிரியில் ரவுண்டானா பக்கம் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை. அவர்கள் இருவரும் சந்தூர் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போடுவது வழக்கம், அப்படிப் போடப் போன அன்றைக்குப் பெயருக்குக் கீழே லாஸ்ட் சீன் 3.12 என்று இருந்தது. சரி, பாத்ரூம் போக எழுந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் 2.50. அடுத்த நாள் 3.40.

2025 சீசன் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். தோட்டம் முழுக்கப் பெங்களூரா மாங்காய் காய்த்துத் தொங்கியது, விலையோ பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை. மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் எடுத்தால்தான் பெங்களூராவுக்கு வாழ்வு, மல்கோவா மாதிரி வீட்டில் வெட்டித் தின்று தீர்க்கிற பழம் இல்லை அது. பாதிக் காயை மரத்திலேயே விட்டார் அப்பா. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள் நான்.

மெக்கானிக் புத்தி போகாதே, எதைப் பார்த்தாலும் போனில்தான் கோளாறு என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். யூடியூபைத் திறந்தால் முகப்பு முழுக்க மாங்காய் விலை வீழ்ச்சி, கடன், ஏலம், சர்க்கரை வியாதியால் கால் எடுத்த கதை, எவனோ ஒருவன் கத்திக்கொண்டிருக்கிற உலக அழிவு. ஒரு ராத்திரி விலை என்ன என்று தேடியிருப்பார், அதைப் பிடித்துக்கொண்டு அது இவருக்குப் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறது, இவரும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இதற்கு நான் செய்த வேலையை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலைதான். யூடியூப் செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரி என்று இருக்கும். பழையதை மொத்தமாக அழித்துவிட்டு, இனிமேல் சேமிக்காதே என்று நிறுத்திவிட வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இப்படிச் செய்தால் முகப்பு கிட்டத்தட்ட காலியாகிவிடும், தேடுகிற பெட்டி மட்டும் நிற்கும். என்ன வேண்டுமோ அதை நாமே தேடிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்பா பார்க்கிற விவசாய சேனல் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் அப்படியே இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கூடவே ஆட்டோபிளேவையும் அணைத்தேன். வாட்ஸ்அப்பில் அவர் இருந்த பதினோரு குரூப்பில் குடும்பக் குரூப் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிரந்தரமாக மியூட் செய்து, போட்டோ வீடியோ தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்தினேன். அந்தக் குரூப்புகளில் யாருக்கும் தெரியவே தெரியாது, விலகினால்தானே அட்மினுக்காவது தகவல் போகும்.

ராத்திரியில் மணி அடிக்காமல் இருக்க டூ நாட் டிஸ்டர்ப் போடப் போனபோதுதான் சண்டை. “பெங்களூர்ல இருக்கிற உங்கக்காளுக்கு ராத்திரியில ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு எப்படிடா தெரியும்?” என்றார். நியாயம்தான். ஆண்ட்ராய்டில் அதற்கு வழி இருக்கிறது. ஸ்டார் போட்டு வைத்த ஆட்களின் அழைப்பை மட்டும் விடச் சொல்லலாம். இன்னொன்று, ஒரே ஆள் பதினைந்து நிமிஷத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டால் மணி அடிக்க விடு என்றும் ஒரு வசதி உண்டு. அவசரம் என்றால் யாராக இருந்தாலும் இரண்டு தடவை அடிப்பார்கள் இல்லையா. அக்காவை அங்கேயே கூப்பிடச் சொல்லி இரண்டாவது தடவை மணி அடிப்பதைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் திரை கறுப்பு வெள்ளையாக மாறுகிற மாதிரியும் வைத்தேன். பெட்டைம் மோடில் கிரேஸ்கேல் என்று இருக்கும், வண்ணம் போனால் பார்க்கிற ஆசையும் குறையும் என்கிறார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார், “டிஸ்பிளே போயிடுச்சு பாருடா” என்று. சிரிக்காதீர்கள், இந்தக் கோளாறோடு மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது என் கடைக்கு வருகிறார்கள், தெரியாமல் எதையோ அழுத்திவிட்டு, டிஸ்பிளேவும் டச்சும் சேர்ந்த காம்போ மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். ஒரு பட்டனை அழுத்திக் கொடுத்தனுப்புவேன், காசு வாங்குவதில்லை. உங்கள் போன் திடீரென்று கறுப்பு வெள்ளையானால் கடைக்கு ஓடாமல் முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள்.

இத்தனையும் செய்து முடித்து, பெரிய சாதனை செய்த மாதிரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தாள். “போனைத் தொடறதே இல்லடா. மூணு மணிக்கு எந்திரிச்சு திண்ணையில உக்காந்து இருட்டைப் பாத்துக்கிட்டே இருக்காரு. களி கிண்டி வெச்சா ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. கண்ணு பட்டுடுச்சுன்னு மந்திரிச்சும் பாத்தாச்சு.” அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த மூன்று மணிக்கு அவருக்குத் துணையாக இருந்ததைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று. துணை மோசமான துணைதான், அது வேறு விஷயம். ஆனால் அவர் விழித்ததற்குக் காரணம் போன் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அன்று ராத்திரி 14416க்கு அடித்தேன். டெலி மானஸ் என்று 2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளில் ஆரம்பித்த சேவை அது, நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றும் இல்லை, என்னை மாதிரி மகனோ மகளோ பேசலாம். எடுத்த பெண் அவசரப்படாமல் கேட்டார். எத்தனை நாளாக, சாப்பாடு எப்படி, முன்னே பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கிறதா. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றார்.

கூட்டிப் போவது லேசா? “எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்பார் என்று பயந்தேன். “தூக்கத்துக்கு ஒரு எட்டு காட்டிட்டு வரலாம் வாப்பா” என்றேன், வந்துவிட்டார். போலுப்பள்ளியில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு, ஓபி சீட்டு. டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை, அவரிடமே கேட்டார்.

“ஐயா, காலையில எந்திரிச்சதும் மனசு ரொம்ப கனமா இருக்கா, சாயந்தரம் ஆனா கொஞ்சம் தேவலையா?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. “ஆமாம்மா,” என்றார்.

“வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா?”

எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. இப்படிப் பட்டென்று கேட்கலாமா, கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்த மாதிரி ஆகாதா? ஆகாதாம், கேட்டால் மனசு லேசாகத்தான் ஆகும் என்று வெளியே வந்தபோது டாக்டரம்மா சொன்னார். அப்பா சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. “தோணும்மா. அப்புறம் மாட்டுக்கு யாரு தண்ணி வெப்பான்னு நெனச்சுக்குவேன்.”

டிப்ரஷன் என்றார் டாக்டரம்மா. விடியற்காலையில் விழிப்பு வந்து அப்புறம் தூக்கமே பிடிக்காமல் போவது அதன் அடையாளங்களில் ஒன்றாம். நம் ஆட்கள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள், உடம்பு அசதி, வயிறு சரியில்லை, தூக்கம் இல்லை என்றுதான் வருவார்கள் என்றார். மாத்திரை கொடுத்தார், இது தூக்க மாத்திரை இல்லை, வேலை செய்ய ரெண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும், தேவலை என்று தோன்றியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று ரெண்டு தடவை சொன்னார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டார். மாட்டுக் கொட்டகையில் சும்மாதான் இருந்தது. அன்றைக்கே எடுத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். எத்தனை செட்டிங்ஸ் மாற்றினேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது வாரம் அம்மா சொன்னாள், ரெண்டாவது உருண்டை களி கேட்டு வாங்கினாராம். தூக்கம் அதற்கும் பிறகுதான் வந்தது, அதுவும் எல்லா நாளும் இல்லை. இந்த மாசமும் போய் மாத்திரை வாங்கி வந்தோம். 14416ஐ இப்போது கடைக்கு வருகிற வயசானவர்கள் போனில் எல்லாம், அவர்களைக் கேட்டுவிட்டு, ‘நட்புடன்’ என்று பெயர் போட்டுச் சேமித்துக் கொடுக்கிறேன். எதற்குப்பா என்று கேட்டால், ராத்திரி தூக்கம் வரலைன்னா பேசுங்க என்பேன். ஒரு பாட்டி மட்டும், தூக்கம் வராதவங்க எல்லாம் கூப்பிட்டா அந்தப் பொண்ணு எப்போ தூங்கும் என்று கேட்டார்.

போன வாரம் அப்பாவுடைய லாஸ்ட் சீன் காணாமல் போய்விட்டது. பதறிப்போய் அடித்தால், “நீ தினமும் அதைத்தான் பாக்கறியாமே, உங்கம்மா சொன்னா. பக்கத்துத் தோட்டத்துப் பையன்கிட்ட கொடுத்து மறைச்சுட்டேன்” என்றார். நாம் மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது என்பதை அந்தப் பையன் சொல்லவில்லை போல, அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லையே என்று அவரே புலம்பினார். திருப்பி வைத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம், நானே காலையில கூப்புடறேன் என்று சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு அடிக்கிறார். நேற்று பூவைப் பற்றிச் சொன்னார், மேற்கே இருக்கிற ரெண்டு மரம் இன்னும் பூ எடுக்கவில்லையாம்.