மறுநாள் காலை எப்படி இருந்தது?

மூட்டுவலிக்காரர்களை நடக்க வைப்பது என் வேலையில் பாதி. நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடும் என்ற பயத்தைப் போக்குவது மீதிப் பாதி. பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில் இந்த இரண்டாவது பாதி எனக்குத் தெரியாது. பயிற்சிப் படங்கள் போட்ட தாளைக் கொடுத்து, தினம் 2 வேளை செய்யுங்கள் என்று அனுப்பிவிடுவேன். அடுத்த முறை வரும்போது அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் பையிலிருந்து வெளியே வரும்.

அப்புறம் தாளுக்குப் பதில் செயலி வந்தது. யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று என் கணினித் திரையில் பட்டை பட்டையாகத் தெரியும். எனக்கு ஒரே உற்சாகம். செயலி தானாகவே 10,000 அடியை இலக்காக வைத்திருந்தது. நானும் அதை மாற்றவில்லை. அந்த எண்ணின் கதையைப் பின்னால்தான் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'தானாம். வியாபாரத்துக்கு வாகான எண், அவ்வளவுதான். முழங்கால் தேய்மானம் உள்ளவரிடம் முதல் வாரமே அதை நீட்டினால் இரண்டு நாள் வீம்புக்கு நடப்பார், மூன்றாம் நாள் முழங்கால் வீங்கும், அதோடு செயலியைத் திறக்க மாட்டார். ஒரே மாதத்தில் என் திரையில் பாதிப் பட்டைகள் காணாமல் போயின.

முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய், உள்ள ஓர் அம்மாவின் பட்டை ஆரம்பத்திலிருந்தே தரையோடு தரையாகக் கிடந்தது. வீடியோ காலில் கூப்பிட்டு, கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டேன். அவர் விரல்களைக் கேமராவுக்கு நேரே காட்டினார். கணுக்கள் புடைத்து, விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. "ஏம்மா, இந்தப் பொட்டளவு பட்டனை அழுத்த முடிஞ்சா நான் எதுக்கு உன்கிட்ட வரப்போறேன்?" என்றார். போனை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். செயலிக்கு அது எப்படித் தெரியும்? அதுபோக, 'எழுந்து நடங்கள்' என்ற நினைவூட்டல் காலை 6 மணிக்கு அடித்திருக்கிறது. முடக்குவாதக்காரர்களுக்கு விடிகாலை விறைப்பு விலகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்தில் மணியடித்தால் எரிச்சல்தான் வரும். நினைவூட்டலை 11 மணிக்கு மாற்றினேன். பட்டன் வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள் என்றேன்.

அந்த வாய்ஸ் மெசேஜ்கள்தான் எனக்குக் கண்ணைத் திறந்தன. அடிக்கணக்கை யாரும் பேசவே இல்லை. வலித்தது, நிறுத்திவிட்டேன், வலித்தது, தொடரலாமா? எல்லாம் இப்படித்தான். சரி, நானும் கேள்வியை மாற்றினேன். எத்தனை அடி என்பதை விட்டுவிட்டு, செய்யும்போது வலி 10க்கு எத்தனை, மறுநாள் காலை எப்படி இருந்தது என்று இரண்டு மட்டும் கேட்டேன். 5 வரைக்கும் போகலாம். மறுநாளைக்குள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டால் அதே அளவைத் தொடரலாம். திரும்பவில்லையென்றால் அளவைக் குறைக்க வேண்டும், அடியோடு விட்டுவிடக் கூடாது. மூட்டு சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கியிருந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு நேரில் வர வேண்டும். அந்தச் சூட்டைத் திரை வழியாக என்னால் தொட்டுப் பார்க்க முடியாதே.

தேய்மான பயத்துக்கு ஒரு ஸ்பாஞ்ச் துண்டு உதவியது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. கால் ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்துதான் அந்தத் திரவத்தை உறிஞ்சுகிறது. கேமரா முன்னால் ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து, கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுக் காட்டுவேன். ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாலும் ஏறாத விஷயம் அதில் ஏறிவிடும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற உடற்பயிற்சி வேண்டும் என்றால் மலைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் கைவிட்டுவிட்டது. மூன்று நிமிட நடையும் கணக்கில் சேரும். ஆனால் செயலிகள் இன்னும் வாத்தியார் மனநிலையில்தான் இருக்கின்றன. வலி கூடிய நாளில் ஓய்வெடுத்தால் 'உங்கள் தொடர்ச்சி முறிந்தது' என்று சோக முகம் காட்டுகின்றன. ஓய்வு நாளுக்கு ஓர் இடம் வையுங்கள் என்று செயலிக்காரர்களுக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை.

முழங்கால் தேய்மானம் உள்ள ஒரு பெரியவர், நாற்காலியில் 30 விநாடிக்குள் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று மாதம் ஒருமுறை வீடியோவில் செய்து காட்டுவார். முதல் மாதம் கைப்பிடியை அழுத்தி அழுத்தி 6 தடவை. போன வாரம் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். போனைத் தாழ்வாக வைத்துவிட்டதால் எழும்போதெல்லாம் தலை திரைக்கு மேலே மறைந்துபோய், உட்காரும்போது திரும்ப வந்தது. 11வது தடவை தலை வந்ததும் நேரம் முடிந்தது என்றேன். "இருங்க டாக்டர், இன்னும் ஒண்ணு" என்று மறுபடி மேலே போய்விட்டார்.