மார்கரெட்டுக்கு வாதாட வந்த அத்தை

தோழிகள் நாலு பேரும் ஒரே மாதத்தில் ஒரே நாவலைப் படிப்பது என்று ஏற்பாடு. கதாநாயகி மார்கரெட் போஃபர்ட். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெற்ற பிள்ளையை அரியணையில் உட்கார வைத்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்ட பிரபு வீட்டுப் பெண்.

மாதக் கடைசியில் தீர்ப்புகள் வந்தன. ஒருத்தி, "பேராசை பிடிச்சவ" என்றாள். இன்னொருத்தி, "முட்டி போட்டா ஜெபம், எழுந்தா சதி. எப்படிப் பிடிக்கும்?" என்றாள். மூன்றாமவள் ஐம்பதாம் பக்கத்திலேயே மூடிவிட்டாள். ஆண்கள் பாதிப் பேர் ஹென்றி, மீதிப் பேர் எட்வர்டு. செத்தது எந்த ஹென்றி என்று தெரியாமல் எப்படி அழுவது என்று கேட்டாள். நியாயம்தான். நானே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வம்சாவளி வரைந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

அந்தத் தாளைத்தான் என் மாமியார் பார்த்துவிட்டார். "யாருக்கும்மா ஜாதகம் பார்க்குற?"

அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் கொஞ்சம் கதை சொல்ல ஆரம்பித்தேன். பன்னிரண்டு வயதில் எட்மண்ட் டியூடரோடு கல்யாணம். அடுத்த வருடமே அவர் கொள்ளைநோயில் போய்விட்டார். 1457 ஜனவரியில், பெம்புரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தபோது தாய்க்கு வயது பதிமூன்று.

அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அப்புறம் குழந்தை?"

"அதோட சரி அத்தை. இன்னும் ரெண்டு கல்யாணம் நடந்தது, குழந்தை இல்ல."

"இவளையா பேராசைக்காரின்னா உன் சிநேகிதி?"

அன்றிலிருந்து மார்கரெட்டுக்கு வக்கீல் கிடைத்துவிட்டது. 1471ல் பையன் உயிர் தப்பி, இன்றைய பிரான்ஸில் இருக்கும் பிரிட்டனிக்கு ஓடினான், 1485ல்தான் படையோடு திரும்பினான் என்றதும் விரல் விட்டு எண்ணினார். "பதினாலு வருஷம். வனவாசம்! கோசலை அழுதுக்கிட்டு இருந்தா. இவ ஆள் சேர்த்தா."

லண்டன் கோபுரத்தில் 1483ல் காணாமல் போன, அரியணைக்கு உரிய இரண்டு இளவரசர்களின் கதைக்கு வந்தபோது நான் கொஞ்சம் பயந்தேன். சில கதைகள் அந்தப் பழியை மார்கரெட் மேல் போடுகின்றன என்றேன்.

"கண்ணால பார்த்தவன் இருக்கானா?"

"இல்ல அத்தை. என்ன ஆச்சுன்னே இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"எழுதினவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சரித்திர நாவல் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குத்தான் பதில் தோன்றவில்லை.

திரும்பி வந்த ஹென்றி அப்போதைய ராஜாவோடு மோதிய பாஸ்வொர்த் போர்க்களத்தில் மார்கரெட்டின் கணவர் ஸ்டான்லி பிரபு படையோடு ஓரமாக நின்றார். அவருடைய தம்பி கடைசி நேரத்தில் ஹென்றி பக்கம் பாய்ந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர், "விவரமான ஆளு" என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்படியே உங்கப்பா." பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

மகன் ராஜாவான பிறகு, 1499லிருந்து அவள் 'மார்கரெட் ஆர்' என்று கையெழுத்துப் போட்டாள். ரிச்மண்ட் சீமாட்டி என்பதற்கும் அதே எழுத்து, ராணி என்று பொருள்படும் ரெஜினாவுக்கும் அதே எழுத்து. அத்தை வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "கேட்டா ரெண்டுல ஒண்ணைச் சொல்லிக்கலாம்!"

மகனையும் பறிகொடுத்து, 1509 ஜூன் 24ல் பேரன் முடிசூடியதைப் பார்த்துவிட்டு, ஐந்தே நாளில் கண்ணை மூடினாள் என்று கதையை முடித்தேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பேரன் ஒழுங்கா இருந்தானா?"

"எட்டாம் ஹென்றி அத்தை. ஆறு கல்யாணம். ரெண்டு பொண்டாட்டி தலையை வெட்டச் சொன்னான்."

"கிழவி இன்னும் பத்து இருபது வருஷம் இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.