அக்கா கடைக்கு ஒரு டொமைன்

மதுரையில் அக்கா சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறாள். இத்தனை நாளும் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. புதுச் சேலை வந்தால் ஸ்டேட்டஸில் படம் போடுவாள், கேட்டவர்களுக்குக் கூரியரில் போகும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் ஆட்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, "நமக்குன்னு ஒரு வெப்சைட் வேணும்டா தம்பி, நீயே பார்த்து செஞ்சு குடு" என்றாள்.

வெளியே யாரிடமாவது கொடுத்துவிட அவளுக்கு மனமில்லை, காரணம் இருக்கிறது. அவளுக்குப் பழக்கமான ஒரு துணிக்கடைக்காரருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர், டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, தன் கணக்கில், தன் பெயரிலேயே பதிந்திருந்தார். கடைக்காரர் வருடா வருடம் பணம் கட்டி வந்தார். இருவருக்கும் மனஸ்தாபம் ஆனதும் அந்த ஆள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். டொமைன் காலாவதியானது. பையிலும் போர்டிலும் அச்சடித்திருந்த முகவரியைக் கடைக்காரரால் மீட்கவே முடியவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் டொமைனுக்குச் சொந்தக்காரர், பணம் யார் கொடுத்தார் என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் எடுத்த முதல் முடிவு, டொமைன் அக்கா பெயரில், அக்காவின் மின்னஞ்சலில், அக்காவின் போன் எண்ணில் இருக்க வேண்டும் என்பது.

அடுத்து பெயர். சுங்குடி என்ற சொல்லை உள்ளே வைக்கத்தான் அக்காவுக்கு ஆசை. ஆனால் ஆங்கிலத்தில் அதை 'எஸ்' போட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்கள், 'சிஹெச்' போட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நடுவில் 'யு' வருமா 'ஐ' வருமா என்பதிலும் ஆளுக்கு ஒரு வழக்கம். ழகரம் வரும் பெயர்களும் இதே தொல்லைதான். கடைசியில் சில பெயர்களை உறவினர்களுக்குப் போனில் சொல்லி, கேட்டபடி எழுதி அனுப்பச் சொன்னோம். எல்லோரும் ஒரே மாதிரி எழுதிய பெயரை வைத்துக்கொண்டோம். இடைக்கோடும் எண்ணும் வேண்டாம் என்பதில் இருவருக்குமே சந்தேகமில்லை.

புள்ளி இந்தியா என்று தமிழிலேயே முடியும் டொமைனும் உண்டு. எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆனால் பல இடங்களில் ஒட்டும்போது அது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாக மாறிவிடுகிறது. தமிழ் முகவரியில் மின்னஞ்சல் வைத்தால் பாதிப் படிவங்கள் ஏற்பதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருப்பதால் டாட் காம் எடுத்தோம். அதே பெயரில் டாட் இன்னையும் வாங்கி அதை இதற்குத் திருப்பிவிட்டோம்.

விலை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன், ரெஜிஸ்ட்ரார்களிடம் (நமக்கு டொமைன் விற்கும் நிறுவனங்களிடம்) வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. அப்படியிருக்க, முதல் வருடம் 99 ரூபாய் என்று ஒருவர் விளம்பரம் செய்தால் கைப்பணத்தைப் போட்டு விற்கிறார் என்று அர்த்தம். அதைப் புதுப்பிக்கும்போது எடுத்துக்கொள்வார். அதனால் முதல் வருட விலையை நான் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் புதுப்பிக்கும் விலையைத் தேடி, 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்து ஒப்பிட்டேன். பெரிய எழுத்தில் மலிவாகத் தெரிந்தவர்கள் பலர் அப்போது பட்டியலின் கீழே போனார்கள்.

பணம் கட்டும் பக்கத்தை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். நாங்கள் கூடையில் போட்டது இரண்டு டொமைன். பில்லில் வந்தது மின்னஞ்சல் சேவை, சைட் பில்டர், எஸ்எஸ்எல் (சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் சான்றிதழ்), 'பாதுகாப்பு' என்று ஏதோ ஒன்று, எல்லாம் ஏற்கெனவே டிக் அடித்தபடி. "இதெல்லாம் நாம கேட்டோமா?" என்று அக்கா ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். எடுத்து முடித்ததும் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. யுபிஐயில் கட்டினோம்.

கட்டியதும் அக்காவின் மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு லிங்க் வந்தது. விளம்பரம் போலவே இருக்கும், ஆனால் தள்ளிவிடக் கூடாது. டாட் காம் போன்ற டொமைன்களுக்கு 15 நாளுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை முடக்கிவிடலாம், இது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைட் திடீரென்று காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டொமைனை ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்கு எடுத்தோம். டாட் காமுக்கு அதிகபட்சம் 10 வருடம் வரை எடுக்கலாம். ஆட்டோ ரினியூவலை மட்டும் நம்பி இருக்க எனக்குத் துணிவில்லை. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் பிடிக்க முறையாகப் பதிந்த அனுமதி வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவலும் வர வேண்டும். பணம் போகிறவர்களுக்கு நல்ல விதிதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களில் நம் ஊர்க் கார்டு சத்தமில்லாமல் நிராகரிக்கப்படும். டொமைன் காலாவதியானால் சில நாள் சலுகைக் காலம் கிடைக்கும், அது ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் மாறும். அதையும் விட்டு, டொமைன் நீக்கும் நிலைக்குப் போனால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். அப்புறம் 5 நாள் யாராலும் தொட முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காலாவதித் தேதியை எங்கள் இரண்டு பேர் போன் காலண்டரிலும் போட்டு வைத்திருக்கிறோம்.

சரி, ஹோஸ்டிங். சைட்டின் ஃபைல்களை வைக்க ஒரு நிறுவனத்தின் சர்வரில் எடுக்கும் வாடகை இடம்தான் அது. 'டொமைன் இலவசம்' என்று சேர்த்துத் தரும் திட்டங்களை நான் தொடவில்லை. சொந்தமாக வைத்திருக்க வேண்டிய பொருளையும் வாடகை இடத்தையும் ஒரே ஆளிடம் வாங்கினால், இடம் பிடிக்காமல் வெளியேறும்போது இரண்டுக்கும் சேர்த்து அல்லாட வேண்டும். டொமைன் ஓரிடம், ஹோஸ்டிங் வேறிடம் என்றால், ஃபைல்களைப் புது இடத்துக்கு மாற்றிவிட்டு நேம் சர்வரை (டொமைன் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் சர்வரை) திருத்தினால் போதும். ஹோஸ்டிங்கை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தோம்.

கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களையும் யோசித்தேன். ஆன்லைன் வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. தவிர, அக்கா போனிலிருந்தே படம் ஏற்ற வேண்டும், அதற்கு வேர்ட்பிரஸ் என்ற சைட் நடத்தும் மென்பொருள்தான் வசதி. விபிஎஸ் (நாமே பராமரிக்க வேண்டிய தனி சர்வர் பங்கு) எடுத்தால் பாதுகாப்பு அப்டேட் முழுக்க என் தலையில் வரும், நான் ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பது? பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்ட் ஹோஸ்டிங்கே போதும் என்று முடிவானது.

அதில் 'அன்லிமிடெட்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். விதிமுறைக்குள் போய் ஐநோட் வரம்பு, அதாவது எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற வரம்பு, எவ்வளவு என்று பாருங்கள். ஒரு ஃபைலுக்கு ஒரு ஐநோட். வேர்ட்பிரஸில் பெரிய படம் ஒன்றை ஏற்றினால் அது பல அளவுகளில் நகல் எடுத்து வைக்கும், மூலத்தையும் சேர்த்து எட்டு ஃபைல் வரை ஆகிவிடும். ஒரு சேலைக்கு ஐந்து படம் என்றால் 40. தினமும் புதுச் சேலை போடுகிறவருக்கு வட்டு நிறையும் முன்பே இந்த வரம்பு வந்துவிடும்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊரிலிருந்து அமெரிக்க சர்வருக்குப் போய்வர 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது, மும்பைக்கு அதில் சிறு பங்குதான். மும்பையில் இடம் தருகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லோருக்கும் ஒரே கேள்வி அனுப்பினேன்: பேக்கப் எப்போது எடுக்கிறீர்கள், திருப்பிப் போடக் காசு உண்டா? கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னவர்களிடம் வாங்கினோம். அப்படியும் மாதம் ஒரு பேக்கப் என் ஹார்டு டிஸ்கில் இறக்கிக்கொள்கிறேன்.

இணைப்பது சுலபம். ஹோஸ்டிங் தந்த இரண்டு நேம் சர்வரை டொமைன் கணக்கில் போட்டோம். 48 மணி நேரம் ஆகலாம் என்றார்கள், சில மணி நேரத்தில் வந்துவிட்டது. அக்கா போனில் கடை தெரிந்தது, என் போனில் பழைய காலிப் பக்கமே வந்தது. பழைய விவரம் ஆங்காங்கே சேமிப்பில் இருக்கும், தானாகச் சரியாகும், அந்த நேரத்தில் எதையும் மாற்றி வைக்காதீர்கள். எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே கொடுக்கிறது, ஹோஸ்டிங் பேனலே (நம் கணக்கை இயக்கும் பக்கம்) அதைத் தானாகப் புதுப்பித்துவிடும். இதற்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையே இல்லை.

கடைப் பெயரிலேயே மின்னஞ்சல் வைப்பதானால் அஞ்சல் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் என்ற இரண்டு பதிவுகளை டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரி விவரப் பட்டியலில்) சேர்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றில் ஒன்றாவது இல்லாத அஞ்சலை ஜிமெயில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. பேனலில் இருந்து எடுத்து ஒட்டும் வேலைதான்.

இப்போதைக்கு ஆர்டர் வாட்ஸ்அப் பட்டன் வழியாகவே வருகிறது. சைட்டிலேயே பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே வைக்க, திருப்பி எடுக்கும் விதியை சைட்டில் எழுதிப் போட வேண்டும். அக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் வரி: "பிளவுஸ் துணி வெட்டிய சேலையைத் திரும்ப எடுப்பதில்லை."