எல்லா இருளும் ஒரே இருள் அல்ல: வேத வாசிப்புக் குறிப்புகள்

ஏப்ரல் 9
வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம், முதல் அதிகாரம். வெளிச்சம் முதல் நாளில் வந்துவிடுகிறது. சூரியனும் சந்திரனும் வர நாலாம் நாள் ஆகிறது. அண்டை நாட்டார் தெய்வங்களாகக் கும்பிட்ட இரண்டுக்கும் இங்கே பெயர்கூட இல்லை. பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். பகலையும் இரவையும் பார்த்துக்கொள்ளும் வேலையாட்கள். முதல் நாளில் "நல்லது" என்ற சான்று வெளிச்சத்துக்கு மட்டும், இருளுக்கு இல்லை. ஆனாலும் இருள் அழிக்கப்படவில்லை. இரவு என்று பெயர் பெற்று, நாளில் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. இரவே இல்லாத நகரம் வேதாகமத்தின் கடைசியில், வெளிப்படுத்தின விசேஷம் 21:25, 22:5-இல்தான் வருகிறது.

ஏப்ரல் 11
ஒத்துவாக்கிய அகராதியை (ஒரு சொல் வேதத்தில் வரும் இடங்களைப் பட்டியலிடும் நூல்) திறந்து, ஒளி வசனங்களை நன்மைக்கும் இருள் வசனங்களைத் தீமைக்கும் பிரித்து எழுதுவது பலர் செய்யும் வேலை. யாத்திராகமத்திலேயே அது உடைந்துவிடும். 10:21–23-இல் எகிப்தின்மேல் மூன்று நாள் காரிருள். ஒருவரும் தன் இடத்தைவிட்டு எழும்பவில்லை. பத்து அதிகாரம் தாண்டினால் (20:21), சீனாய் மலையில் மோசே கார்மேகத்தை நெருங்கிப் போகிறான், தேவன் அங்கே இருப்பதால். ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோனும் கர்த்தர் காரிருளில் வாசம்பண்ணுவதாகவே சொல்கிறான் (1 இராஜாக்கள் 8:12).

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி: இருளை வரவழைத்தது யார்? உள்ளே இருப்பது யார்? அதனால் எது முடியாமல் போகிறது? எகிப்தில் நடமாட்டம் முடியாமல் போகிறது, சீனாயில் பார்வை. முதலாவது தண்டனை, இரண்டாவது மறைவு. இரண்டையும் அனுப்பினவர் ஒருவரே.

ஏப்ரல் 14
விளக்கு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துக் குத்துவிளக்கு ஒரு தாலந்து எடைப் பசும்பொன், ஏழு அகல், இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெய். கூடவே கத்தரிகளும் சாம்பல் பாத்திரங்களும் (யாத்திராகமம் 25:38). பிரசங்கங்களில் இந்த இரண்டும் விடுபட்டுப்போகும். திரியின் நுனி கருகிக் கட்டிதட்டினால் சுடர் குறைந்து புகையும். கருகலைக் கத்தரித்தாக வேண்டும். அதனால்தான் ஆரோனுக்குக் காலை மாலை இரண்டு வேளையும் விளக்கு வேலை (30:7–8). இயேசுவின் உவமையில் மணவாளனுக்குக் காத்திருக்கும் கன்னிகைகள் பத்துப்பேரும் பாதி இரவில் எழுந்து தீவட்டிகளை ஆயத்தப்படுத்துகிறார்கள் (மத்தேயு 25:7). ஐந்து பேருக்குக் குறைந்தது எண்ணெய்தான்.

ஏப்ரல் 16
யோவான் நேரத்தைச் சும்மா எழுதுகிறவரல்ல. நிக்கொதேமு இரவில் வருகிறான். 19:39-இல் நூறு இராத்தல் சுகந்தவர்க்கத்தோடு அடக்கத்துக்கு வரும்போதும் அந்த இரவை நினைவூட்டியே அவனை அறிமுகப்படுத்துகிறார். யூதாஸ் துணிக்கையை வாங்கிப் புறப்பட்டதும், "அப்பொழுது இராக்காலமாயிருந்தது" (13:30). அதற்குமேல் விளக்கமில்லை.

8:12-ஐ ஏழாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அது கூடாரப்பண்டிகையின் சூழல். யூத வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா தரும் விவரப்படி, அந்நாட்களில் ஆலயத்தின் பெண்கள் பிராகாரத்தில் பொன் விளக்குத்தண்டுகள் எரிந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு கிண்ணம்; ஆசாரியரின் கந்தலான உடைகளைக் கிழித்துத் திரி போட்டார்கள். "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்பதை அந்தப் பண்டிகையிலிருந்து பிரித்துவிட்டால் சுவரில் மாட்டும் வாசகமாகிவிடும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
இயேசு சிலுவையில் தொங்கும்போது, ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை இருள். நம் கணக்கில் நண்பகல் 12 முதல் 3. சூரிய கிரகணம் என்ற விளக்கம் நிற்காது. அப்போது நடந்த யூதரின் பஸ்கா பண்டிகை பௌர்ணமியை ஒட்டி வருவது, சூரிய கிரகணமோ அமாவாசையில்தான். முழுக் கிரகணம் ஓரிடத்தில் ஏறக்குறைய ஏழரை நிமிடத்துக்குமேல் நீடிப்பதும் இல்லை.

தேடவேண்டியது ஆமோஸ் 8:9–10: மத்தியானத்தில் சூரியன் அஸ்தமிக்கும், ஒரே பிள்ளைக்காகத் துக்கிப்பதுபோன்ற புலம்பல் வரும். எகிப்திலும் இருள் ஒன்பதாவது வாதை. அடுத்தது தலைப்பிள்ளைகளின் சாவு. அந்த வரிசையைத் தெரிந்தவர்களுக்கு மாற்கு 15:33 பயங்கரமான வசனம். எகிப்தில் தப்பின வீடுகள் உண்டு. இங்கே பலியாவது இருளை அனுப்பினவரின் ஒரே பிள்ளை.

ஏப்ரல் 19
உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவின் கத்தோலிக்கத் திருவிழிப்பு வழிபாடு இருட்டிய பிறகே தொடங்க வேண்டும். புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றப்படும். மெழுகாலானது, ஆண்டுதோறும் புதியது, ஒன்றே ஒன்று. "கிறிஸ்துவின் ஒளி" மூன்று முறை பாடி முடியும்வரை ஆலய விளக்குகளைப் போடக்கூடாது. அவசரப்பட்டு யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டால் அடையாளமே போயிற்று.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு, ஆனால் யாத்திராகமம் 14-ஐ விடவே கூடாது. வாசிப்பவர் கடலை நோக்கி ஓடாமல் 20-ஆம் வசனத்தில் வேகத்தைக் குறைப்பது நல்லது. இரண்டு சேனைகளுக்கும் நடுவே ஒரே மேகம்; எகிப்தியர் பக்கம் அந்தகாரம், இஸ்ரவேலர் பக்கம் இரவெல்லாம் வெளிச்சம்.