ஒரு மணி நேரத் தண்ணீருக்கு என்ன விலை?

நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தபோது என் மேசைக்கு வந்த கோப்புகளில் இன்றும் மனதில் நிற்பது நீச்சல் குளக் கட்டணக் கோப்புதான். பல வருடம் பாசி பிடித்துக் கிடந்த குளத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். திறப்பதற்கு முன் கட்டணத்துக்கு மன்றத் தீர்மானம் வேண்டும். மன்றக் கூட்டத்தில் வைக்கும் குறிப்பை, அதாவது மன்றப் பொருளை, எழுதும் வேலை எனக்கு வந்தது. "வருஷச் செலவைப் போடுங்க, எத்தனை பேர் வருவாங்கன்னு போடுங்க, வகுத்துடுங்க. அவ்வளவுதான்" என்றார் மேலாளர்.

நானும் வகுத்தேன். பயிற்சியாளர், உயிர்காப்பாளர்கள், மோட்டார் ஆபரேட்டர், துப்புரவுப் பணியாளர் சம்பளம். மின்சாரம், குளோரின், பராமரிப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் என்று வந்தது. தனியார் குளத்தில் 150 ரூபாய், நாம் மூன்றில் ஒரு பங்குதான் வாங்கப்போகிறோம் என்றும் குறிப்பில் சேர்த்தேன். தீர்மானம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

மூன்று மாதம் கழித்து வசூல் பதிவேடு வந்தது. காலை ஆறு மணி பேட்ச் நிறைந்திருந்தது. மாலை ஐந்து மணியும் பரவாயில்லை. பதினொன்றிலிருந்து நான்கு வரை வரிசையாகக் கோடு கோடாகப் போட்டிருந்தார்கள், ஒரு டிக்கெட்கூட இல்லை. செலவுக்கு வரவு கட்டவில்லை, 50-ஐ 70 ஆக்கிக் குறிப்பு வையுங்கள் என்றார் மேலாளர். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. குளத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பினேன்.

பகல் பன்னிரண்டு மணி. குளத்தில் ஈ காக்கை இல்லை. மோட்டார் அறையில் மட்டும் சத்தம். ஆபரேட்டர் அண்ணன் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் குழாயில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளே இல்லையே, மோட்டாரை நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். "நிறுத்தினா சாயந்தரம் தண்ணி கலங்கிடும் சார். ஒருத்தர் குளிச்சாலும் இதே மோட்டார்தான், நாப்பது பேர் குளிச்சாலும் இதே மோட்டார்தான்" என்றார்.

என் கணக்கில் இருந்த ஓட்டை அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம். கிட்டத்தட்ட 4 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர், 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய நாற்பது நடை அடிக்க வேண்டிய அளவு. இதைத் தினமும் மாற்றுவதில்லை. அதே தண்ணீர்தான் மணல் ஃபில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. 10 எச்.பி. மோட்டார் மணிக்கு சுமார் ஏழரை யூனிட் இழுக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 90 யூனிட். ஆள் கூடினால் வியர்வைக்கும் அழுக்குக்கும் குளோரின் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஃபில்டரை அடிக்கடி பேக்வாஷ் செய்ய, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ வேண்டிவரும். மற்றபடி செலவு அசையாது. நான் ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தது, ஆள் குறைந்தால் தானாக ஏறும் எண். அதை வைத்துக் கட்டணத்தை ஏற்றினால் ஆள் இன்னும் குறையும், அடுத்த வருடம் எண் இன்னும் ஏறும். ஏற்றி ஏற்றியே ஒரு குளத்தை மூடிவிடலாம்.

திரும்பும்போது டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு பையன் நின்றிருந்தான். எட்டாம் வகுப்பு படிப்பவன் மாதிரி இருந்தான். பத்து ரூபாய்க் காசுகளாக ஐந்தை எண்ணி வைத்தான். கவுன்ட்டர் அக்கா காசைத் தொடவே இல்லை. "காஸ்ட்யூம் இருக்கா தம்பி? இந்த டிரவுசரோட இறங்க விடமாட்டாங்க" என்றார். பருத்தித் துணியின் நூலும் பஞ்சும் ஃபில்டரில் போய் அடைக்கும் என்பதால் அந்த விதி. வாசல் கடையில் காஸ்ட்யூம் 350 ரூபாய், தொப்பி தனி. அவன் காசை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போனான். நான் 50 என்று எழுதிய கட்டணம் அவனுக்கு 400-க்கு மேல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொம்ப நாள் அது தொண்டையில் நின்றது.

70 ரூபாய்க் குறிப்பை நான் எழுதவில்லை. பகல் நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 ரூபாய், இரண்டு மணிநேரம் பெண்களுக்கு மட்டும் 20 ரூபாய், காலை மாலைக்கு அதே 50, வழக்கமாக வருபவர்களுக்கு மாதப் பாஸ் என்று எழுதினேன். பாலியஸ்டர் ஃபுட்பால் டிரவுசர் இருந்தாலே போதும் என்று ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டுச் சேர்த்தேன். அது நூல் விடாது. மேலாளர் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

இந்தத் தடவை மன்றத்தில் விவாதம் நடந்தது. குளத்தைக் குத்தகைக்கு விட்டால் தலைவலி தீரும் என்றார் ஒருவர். பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடத்தையும் சைக்கிள் ஸ்டாண்டையும் ஏலம் விடுகிறோமே என்றார். குத்தகைக்காரர் காசு வரும் பேட்சை வைத்துக்கொண்டு மற்றதை மூடுவார், முதலில் போவது பெண்கள் நேரம்தான் என்று எனக்குத் தோன்றியது. இன்னொருவர் எல்லோருக்கும் இலவசமாக்கச் சொன்னார். இங்கிலாந்தில் 2009 ஏப்ரலில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் அப்படிச் செய்தார்கள். மைய அரசின் பணத்தை நம்பிய திட்டம் அது. ஆட்சி மாறியதும் 2010 ஜூலையில் நின்றுபோனது. அடுத்தவர் பணத்தில் தொங்கும் இலவசத்தைவிட நாமே தாங்கக்கூடிய 10 ரூபாய் நிலைக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். "போன மே லீவுல குவாரிக் குட்டையில ரெண்டு பசங்க போனாங்களே, அவங்களுக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

பகல் பதிவேட்டில் கோடுகள் போய் எண்கள் வந்தன. மொத்த வசூலில் பெரிய மாற்றம் இல்லை, 10 ரூபாய் டிக்கெட் எவ்வளவுதான் சேரும்? அடுத்த வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள், கட்டணத்தைக் குறைத்ததால் நகராட்சிக்கு வருவாய் இழப்பு என்று தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபம், எழுதினார்கள். இழப்பு என்றால் 50 ரூபாய் கொடுத்து வந்திருக்கக்கூடிய ஆள் இருந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் ஒருவர்கூட வரவில்லை என்று பழைய பதிவேட்டின் நகலோடு பதில் அனுப்பினேன். மோட்டார் அறை லாக் புத்தகத்தின் நகலையும் கோத்தேன். இரண்டு வருடத்திலும் மோட்டார் ஓடிய மணிநேரம் ஒன்றேதான். எனக்கு மாறுதல் வந்தபோதும் அந்தத் தடை நிலுவையில்தான் இருந்தது. பொறுப்பை ஒப்படைத்த அன்று அந்தக் கோப்பை மேலாக வைத்து, பதிலை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.