வுப்பர்டாலில் ஒரு ஞாயிறு: தொங்கும் ரயில், கதிரைகள், மேடை நிறைய மண்

நான் இருக்கும் ஹாம் ஊரை ஜெர்மனியில் உள்ள தமிழர்களுக்கு ஒரே காரணத்துக்காகத் தெரியும். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குள் நிற்கும் காமாட்சி அம்மன் கோயில். 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. தேர்த் திருவிழா அன்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். மற்ற நாட்களில் ஹாம் ஒரு ரயில் சந்திப்பு, அவ்வளவுதான். ஆனால் சந்திப்பில் குடியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. எங்கே போக நினைத்தாலும் பெரும்பாலும் நேர் ரயில் கிடைத்துவிடும்.

வுப்பர்டாலுக்கும் அப்படித்தான். ஆர்இ 7 என்ற வட்டார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஊனா, ஷ்வேர்ட்டெ, ஹாகன் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மாதப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் தனியாகச் செலவில்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது. விலை ஏறினாலும் இன்னும் லாபம்தான். வேக ரயிலில் மட்டும் அது செல்லாது.

போனது ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பவுஷின் நடனம் பார்க்க. ஒரே மாலையில் இரண்டு படைப்புகள், "கஃபே முல்லர்", அப்புறம் "வசந்தத்தின் பலி". இரண்டையும் துண்டு துண்டாகக் கணினித் திரையில் பார்த்திருக்கிறேன். அவை பிறந்த ஊரில், அந்த ஓபரா மேடையிலேயே பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. துணைக்கு வந்தவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. அவருக்கு நடனத்தில் பெரிய ஈடுபாடு எல்லாம் இல்லை. "முப்பத்தைஞ்சு வருசமா இஞ்சை இருக்கிறன், அந்தத் தொங்குற ரயிலிலை ஒருக்காலும் ஏறேல்லைப் பிள்ளை. நானும் வாறன்" என்றார். நடனம் அவருக்கு இலவச இணைப்பு.

ரயிலில் ஹாகன் தாண்டும்வரை அக்கா கொண்டுவந்திருந்த மட்டன் றோல்ஸ்தான் நிகழ்ச்சி. ஹாகனுக்குப் பிறகு நிலம் மாறுகிறது. அதுவரை தட்டையாக வந்த வயல்கள் போய், இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த மேடுகள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. வுப்பர்டால் ஒரு பள்ளத்தாக்கு ஊர். வுப்பர் ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டு நீளமாகக் கிடக்கும் ஊர். எல்பர்ஃபெல்டு, பார்மன் என்று தனித்தனி நகரங்களாக இருந்தவற்றை அக்கம்பக்கத்து ஊர்களோடு 1929-இல் சேர்த்துவிட்டார்கள். மறு ஆண்டுதான் இந்தப் பெயர் வந்தது.

இந்த நெருக்கடிதான் தொங்கும் ரயிலுக்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளத்தாக்கு முழுக்க ஆலைகளும் வீடுகளும் நிறைந்துபோய், தெருவில் தண்டவாளம் போட இடமில்லை. காலியாக இருந்தது ஆற்றுக்கு மேலே இருந்த ஆகாயம் மட்டும். இரண்டு கரையிலும் இரும்புக் கால்களை ஊன்றி, மேலே தண்டவாளம் போட்டு, பெட்டிகளைக் கீழே தொங்கவிட்டார்கள். 1901 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தது இன்னும் ஓடுகிறது. 13.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள், முனைக்கு முனை அரை மணி நேரம். சுற்றுலா வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பெட்டியில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, குழந்தை வண்டியோடு ஓர் இளம் அப்பா, காதில் எதையோ மாட்டிக்கொண்டு நான்கு பையன்கள் இருந்தார்கள். யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. நாங்கள் இருவரும்தான் கடைசிக் கண்ணாடியோடு ஒட்டி நின்றோம். இடம் கிடைத்தால் நீங்களும் கடைசிக்கே போங்கள். பின்னால் விலகிப் போகும் தண்டவாளமும் ஆறும் முழுதாகத் தெரியும். வளைவில் பெட்டி பக்கவாட்டில் ஆடும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே ஆறு தெளிவாக ஓடுகிறது. எனக்கு அதுதான் ஆச்சரியம். நான் திருப்பூர்க்காரி. நொய்யல் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் கருநீலமாகவும் போனதைப் பார்த்து வளர்ந்தவள். வுப்பரும் ஒரு காலத்தில் அதே கதிதான். நூல் வெளுப்பதும் சாயம் போடுவதும் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய தொழில். 1839-இல், 18 வயதில், ஃபிரெடெரிக் எங்கெல்ஸ் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இந்த ஆற்றின் சிவப்பு நிறத்தைப் பற்றிச் சொல்கிறார். அந்தச் சிவப்பு ஏதோ போரில் சிந்திய ரத்தம் இல்லை, சாயப்பட்டறைகளின் கழிவு என்று. அவர் பிறந்ததே பார்மனில்தான், அதுவும் நூல் ஆலை முதலாளி வீட்டில். திருப்பூரில் 2011-இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்கள் நினைவுக்கு வந்தன. மாமா ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். தாத்தாவுக்கு ஆற்றங்கரையில் தோட்டம் இருந்தது. அந்தச் சண்டையை இங்கே விரித்தால் கட்டுரை வேறு ஊருக்குப் போய்விடும்.

ஃபோவிங்கெல் முனைவரை போய், அங்கிருந்து மறு முனை ஓபர்பார்மன்வரை வந்து, திரும்ப ஆட்லர்புரூக்கெ நிலையத்தில் இறங்கினோம். இறங்குவதற்கு முன் அக்காவுக்கு டுஃபி கதையைச் சொன்னேன். 1950 ஜூலையில் ஒரு சர்க்கஸ் கம்பெனி விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டி யானையை இந்த ரயிலில் ஏற்றியது. மிரண்டுபோன யானை பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. லேசான காயத்தோடு பிழைத்தும் கொண்டது.

"ஆனையை ரயிலிலை ஏத்தினவையோ? விசர் பிடிச்ச சனம்!" என்றார் அக்கா. அன்று முழுவதும் அவர் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓபரா. எதிரே பூங்காவில் எங்கெல்ஸ் சிலை, 2014-இல் சீனா கொடுத்த அன்பளிப்பு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம்.

பீனா பவுஷ் பக்கத்து ஊரான சோலிங்கனில் 1940-இல் பிறந்தவர். அப்பா அம்மா நடத்திய உணவு விடுதியில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த பெண். 1973-இல் வுப்பர்டால் பாலே குழுவின் பொறுப்பை ஏற்றார். பாலே பார்த்துப் பழகிய உள்ளூர்க்காரர்கள் முதல் சில ஆண்டுகள் கதவை ஓங்கி அறைந்துவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். பிறகு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இந்த ஆலை ஊருக்கு ரயிலேறி வரத் தொடங்கினார்கள். சென்னையின் நடனக் கலைஞர் சந்திரலேகா அவருக்கு நெருங்கிய தோழி. இந்தியாவில் தங்கிப் பார்த்ததை வைத்து 2007-இல் "பாம்பூ ப்ளூஸ்" என்று ஒரு படைப்பும் செய்தார். 2009-இல் இறந்துவிட்டார். குழு இன்னும் அவருடைய படைப்புகளை ஆடிக்கொண்டிருக்கிறது, புதிய தலைமுறை ஆட்களை வைத்து.

மணி ஆறு. திரை இல்லை. மங்கிய வெளிச்சத்தில் மேடை முழுக்கக் கறுப்பு நாற்காலிகளும் வட்ட மேசைகளும், பின்னால் ஒரு சுழல் கதவு. மெல்லிய வெள்ளை உடையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி நடந்து வருகிறாள். "கஃபே முல்லர்" 1978-இல் உருவானது. இந்தப் பாத்திரத்தைப் பல ஆண்டுகள் பீனாவே ஆடினார். கண் மூடியிருந்தாலும் இமைக்குள் விழி நேராகப் பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைப் படித்திருந்ததால் நான் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது வரிசையிலிருந்து ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் கோட்டு போட்ட ஓர் ஆள் பாய்ந்து வந்து நாற்காலிகளை வாரித் தள்ளுகிறார். மேடையில் இன்னொரு பெண்ணும் கண்ணை மூடியபடி எங்கெங்கோ ஓட, அவள் போகும் வழியை முன்கூட்டியே ஊகித்து, மோதும் முன் நாற்காலியை விலக்க வேண்டும். தடதடவென்று சத்தம். மற்றபடி பர்செல் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இசைஞரின் சோகப் பாட்டுகள்.

"உவர் ஏன் கதிரையளைத் தள்ளிக்கொண்டு திரியிறார்?" என்றார் அக்கா, தனக்கு மட்டும் ரகசியம் என்று தோன்றும் குரலில்.

"அவங்க கண்ண மூடிட்டு வர்றாங்க அக்கா, இடிச்சுக்கக் கூடாதுன்னு."

"அப்ப கண்ணைத் திறந்தால் சரியெல்லே?"

முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. நாங்கள் அடங்கினோம்.

பிறகு ஒரு கட்டம். அந்த இரண்டாவது பெண்ணும் ஓர் ஆணும் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாமவன் வந்து, பொம்மையைச் சரிசெய்வது போல அவர்கள் கைகளைப் பிரிக்கிறான், முத்தமிடும்படி முகங்களைத் திருப்பி வைக்கிறான், அவளைத் தூக்கி இவன் கைகளில் கிடத்துகிறான். போகிறான். இவன் கைகள் தளர்கின்றன, அவள் தரையில் விழுகிறாள். துள்ளி எழுந்து மறுபடி இறுகக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாமவன் திரும்பி வருகிறான். முதலிலிருந்து, அதே வரிசையில். திரும்பத் திரும்ப, வேகம் ஏறிக்கொண்டே போகிறது. முதலில் அரங்கில் சிரிப்பு கேட்டது, போகப் போக நின்றது. கடைசியில் அந்த மூன்றாமவன் தேவைப்படவே இல்லை, அவர்கள் இருவருமே பழகியபடி எல்லாவற்றையும் செய்து, விழுந்து, எழுந்து கட்டிக்கொள்கிறார்கள். இதற்கு யாரும் எனக்கு விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முழுதும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சோகப் பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது, போதும் என்று ஓரிடத்தில் இருந்தது. முக்கால் மணி நேரம்தான், அதிலும் பத்து நிமிடம் குறைத்திருக்கலாம்.

இடைவேளையில் எல்லாரும் காபிக்கும் ஒயினுக்கும் எழுந்து போனார்கள். நாங்களும் எழுந்தோம். மேடையைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டோம். நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போய், தரையில் பெரிய படுதா ஒன்றை இழுத்து விரித்தார்கள். பிறகு பெரிய தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்தார்கள். மண்! சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் கரும்பழுப்பு பீட் மண். கறுப்புச் சட்டை போட்ட பணியாளர்கள் நீளக் கம்பு வாரிகளோடு இறங்கி, குவியல்களை இழுத்துப் பரப்பத் தொடங்கினார்கள். எல்லாம் எங்கள் கண் முன்னால், ஒளிவு மறைவு இல்லாமல். கொஞ்ச நேரத்தில் ஈர மண் வாசனை எங்கள் வரிசைவரை வந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெங்காயமும் புகையிலையும் போட்ட குடும்பம் அவருடையது. "அந்த மூலையிலை மண் காணாது" என்றார். சிறிது நேரத்தில் ஒருவர் வாரியோடு அந்த மூலைக்கே போனார். "பாத்தியோ!" மற்றபடி அவர்கள் வேலை அவருக்குத் திருப்தி. அவசரம் இல்லை, ஒருவர் காலில் ஒருவர் இடிபடவில்லை, பரப்பிய இடத்தில் மறுபடி மிதிக்கவும் இல்லை. அரங்கிலே தங்கிவிட்ட முப்பது நாற்பது பேரும் எங்களைப் போலவே வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபிக்குப் போனவர்கள் பாதி நடனத்தைத் தவறவிட்டார்கள் என்பது என் கட்சி.

ஏனென்றால் அந்த மண் அலங்காரம் இல்லை. "வசந்தத்தின் பலி"க்கு ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை. 1913-இல் பாரிஸில் முதல் முறை ஆடியபோது அரங்கில் கூச்சலும் குழப்பமும் உண்டான இசை. வசந்தம் வர ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துச் சாகும்வரை ஆடவைக்கும் சடங்கு, அவ்வளவுதான் கதை. பீனா 1975-இல் இதைச் செய்தபோது, மேடை வடிவமைப்பாளர் ரோல்ஃப் போர்சிக் தரை முழுக்க மண்ணைக் கொட்டினார். மண்ணில் ஓடிப் பாருங்கள், கால் புதையும், திரும்பும்போது வழுக்கும். ஆடுபவர் களைத்ததாக நடிக்க வேண்டியதில்லை, தரையே களைக்க வைத்துவிடும்.

மெல்லிய வெளிர் உடையில் பெண்கள், மேல்சட்டை இல்லாமல் கறுப்புக் கால்சட்டையில் ஆண்கள். ஒரு சிவப்புத் துணி தரையில் கிடக்கிறது. அதுதான் பலியாகப் போகிறவள் அணிய வேண்டிய உடை. பெண்கள் அதை ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்கு மாற்றுகிறார்கள். யாருக்கும் வேண்டாம், வீசி எறியவும் முடியவில்லை. முழங்கையை மடக்கி வயிற்றில் குத்திக்கொள்வது போல எல்லாரும் ஒரே தாளத்தில் குனிந்து எழும்போது மண் தெறிக்கிறது. கால் மணி நேரத்தில் வெளிர் உடைகள் எல்லாம் சேற்று நிறம். இசை தணியும் இடங்களில் அத்தனை பேரின் மூச்சிரைப்பும் பதினைந்தாவது வரிசைக்குக் கேட்கிறது. இமையைப் பார்க்க முடியாத எனக்கு மூச்சு கேட்டது.

கடைசியில் சிவப்பு உடை போட்டவள் தனியாக ஆடுகிறாள். மற்றவர்கள் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். அவளுக்கு உதவ யாரும் வரப்போவதில்லை என்பது அந்தக் கூட்டம் நிற்கும் விதத்திலேயே தெரிகிறது. விழுகிறாள், எழுகிறாள், முகம் குப்புற விழுகிறாள். இருட்டு. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை. தலை முதல் கால்வரை மண்ணோடு, மார்பு ஏறி இறங்க, வரிசையாக வந்து குனிந்தார்கள். அக்காவும் எழுந்து நின்று தட்டினார். வெளியே வரும்போது, "பாவம் அந்தப் பிள்ளையள்" என்றார். ரெண்டு எட்டு வைத்ததும், "உந்த மண்ணை எல்லாம் இனி ஆர் கூட்டிறது?"

ஓபராவிலிருந்து பார்மன் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். திரும்பும் ரயிலில், வுப்பர்டாலுக்கு வந்தால் இன்னும் என்னென்ன பார்க்கலாம் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். டிக்கெட் விரைவில் தீர்ந்துவிடும், பருவ அட்டவணை வந்த உடனே வாங்கிவிட வேண்டும். பின் வரிசையே போதும், ஆனால் மண்ணுக்காக மாடியில் எடுப்பது இன்னும் நல்லது, மேலிருந்து கால் தடங்கள் தெரியும். "கொன்டாக்ட்ஹோஃப்" என்று இன்னொரு படைப்பு இருக்கிறது, 1978-இல் தன் குழுவுக்காகச் செய்ததை பீனா 2000-இல் 65 வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்களை வைத்தே மறுபடி ஆடவைத்தார், அவர்களில் யாரும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை என்று சொன்னேன்.

அக்கா கடைசி றோல்ஸைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு அறுபத்தைஞ்சுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. திரும்ப ஆள் எடுத்தால் சொல்லு பிள்ளை. மண் இல்லாத ஆட்டம் எண்டால் மட்டும்."