சொல்வதை எழுதுபவரும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

ஜனவரி 6

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சலுகைக் கோப்பைச் சரிபார்க்கும் நாள். கூடுதல் ஒரு மணி நேரம், பிள்ளை சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு: மூன்றும் தனித்தனிச் சலுகைகள். ஒன்று கேட்டால் மற்றதும் சேர்ந்து வந்துவிடாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கைதான் ஒத்துழைக்கவில்லை, தமிழ் நன்றாக வருகிறது என்றால் மொழி விலக்கு எதற்கு? கிடைப்பதையெல்லாம் வாங்கிவைக்கும் பழக்கம் இங்கே உதவாது.

ஜனவரி 8

சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. விடை தெரிந்த பிள்ளையும் கணக்கில் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறது. "இரண்டு பை மூன்று கூட்டல் எக்ஸ்" என்றால் பின்னக் கோடு எதுவரை? மூன்றோடு நிற்கிறதா, எக்ஸையும் சேர்த்தா? சொல்ல வேண்டிய முறை: "கோட்டுக்கு மேலே 2. கீழே 3 கூட்டல் எக்ஸ். கோடு முடிந்தது."

வர்க்கமும் அப்படியே. "மைனஸ் ஐந்தின் வர்க்கம்" என்பதை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் மைனஸ் 25 ஆகிவிடும். "அடைப்பு திற, மைனஸ் 5, அடைப்பு மூடு, மேலே 2" என்று வாயில் பழக வேண்டும். தினம் 15 நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும்.

ஜனவரி 9

பயிற்சியில் எழுதுபவராகச் சிறப்பாசிரியர் நாமே உட்காரக்கூடாது. பிள்ளையின் குழறல் நமக்குப் பழகிப்போனது. பாதி சொல்லும்போதே முழுதும் புரிந்துவிடும். தேர்வறையில் இருப்பவருக்குப் புரியாது. வேறு வகுப்பு ஆசிரியரை அழைத்து, சொன்னதை மட்டும், தப்பானாலும் அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். பேச்சு தெளிவில்லாத இடத்தில் சுட்டிக்காட்ட எண், எழுத்து, குறி எழுதிய அட்டை ஒன்று. தேர்வறையில் அதைப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி கேட்டுவைப்பது நல்லது.

ஜனவரி 21

முழு மாதிரித் தேர்வு. 10.15க்குத் தொடங்கி 2.15 வரை, 240 நிமிடம். ஒரு மதிப்பெண் 14க்கு 20 நிமிடம், இரண்டு மதிப்பெண் 10க்கு 40, ஐந்து மதிப்பெண் 10க்கு 100, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 35. மீதி 45 நிமிடம் வாசித்துக் கேட்க.

வரைபடத்தில் அளவுத்திட்டத்தை முதலில் சொல்லிவிட்டுப் புள்ளிகளுக்குப் போக வேண்டும். புள்ளிகளை முதலில் சொன்னால் தாள் போதாமல் அழித்து வரைய நேர்கிறது. அதிலேயே பத்து நிமிடம் போகும்.

ஜனவரி 23

எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். எதிரே இருப்பவர் ஆசிரியர் ஆயிற்றே! "சார், கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க" என்று கேட்பதையே பாடமாக வைத்தாயிற்று. ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் விடைக்குப் பிறகும் ஒரு முறை.